நாள் விட்டு நாள் தண்ணீர்

தண்ணீர் விநியோக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி, போன மாதம் என்னைக் கண்டி அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். ஒரு மணித்தியாலம் பேசினேன். குழாய், அமுக்கம், பம்பு என்று எல்லாம் சொன்னேன். நீங்கள் குறிப்பெடுத்தீர்கள். பின்வரிசையில் இரண்டு பேர் நித்திரை கொண்டீர்கள், அதையும் கண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று உறைத்தது. சொல்லாமல் வந்தது, முப்பத்திரண்டு வருடச் சேவையில் நான் விட்ட மிகப் பெரிய பிழையை. இளம் பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. எழுதும்போது அந்த வெட்கம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

பிழை நடந்தது வத்தேகமப் பக்கத்தில், மேட்டுக் குடியிருப்பு ஒன்றின் தண்ணீர்த் திட்டத்தில். நான்தான் அப்போது அந்தப் பிரதேசத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர். குன்றின் உச்சியில் ஒரு தாங்கி, அதிலிருந்து இறங்கும் குழாயில் நானூறு ஐந்நூறு வீடுகள். ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், பட்டணத்தில் கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் உழைத்து வந்து வீடு கட்டியவர்கள். வருடாவருடம் வீடுகள் கூடின. தாங்கிக்குத் தண்ணீர் கொடுத்த ஓடை மட்டும் அதே ஓடைதான்.

அந்த வருடம் மாசியிலும் பங்குனியிலும் மழை ஏமாற்றிவிட்டது. பின்னேரம் நான்கு மணிக்கெல்லாம் தாங்கி வற்றியது. மேல்வரிசை வீடுகளுக்கு மூன்று நாள் தண்ணீர் போகவில்லை. அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் அங்கே இருந்தார். தினமும் காலை ஏழரைக்கு எடுத்து, "இன்றைக்கும் இல்லை," என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஏசுகிறவர்களுக்குப் பதில் சொல்லலாம். இவருக்கு என்ன சொல்வது?

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருகிற தண்ணீர் தேவையில் முக்கால்வாசிதான். ஆகவே ஒரு நாள் தாங்கியை நிறையவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்து பின்னேரம் பூட்டுவோம். நாள் விட்டு நாள் கொடுத்தால் சனம் பார்த்துப் பாவிக்கும், தண்ணீர்ச் செலவு குறையும். மூன்று மொழியிலும் அறிவித்தல் அடித்துக் கையெழுத்து வைத்தேன்.

அந்தத் திட்டத்தின் வால்வுகளைத் திறந்து பூட்டுகிறவர் கம்பளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். அலுவலகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நானாதான். பெரிய வால்வைத் திருப்புகிற இடுப்புயர இரும்புத் திறப்பு எப்போதும் அவர் கையில் இருக்கும். பஸ்ஸில்கூட அதற்கு ஒரு இடம் பிடித்துத்தான் உட்காருவார். அறிவித்தலில் நான் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது என் மேசைக்கு வந்து நின்றார்.

"மிஸ், தண்ணிய பூட்டினா செலவு கூடும்."

"பூட்டினா எப்பிடி நானா கூடும்? பூட்டினாக் குறையும்," என்றேன். தலை நிமிரவில்லை.

"சரி மிஸ்," என்று போய்விட்டார்.

எனக்கு அப்போது ஐம்பது வயது. பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு வருடப் படிப்பு அந்த வயதிலும் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இரண்டு கிழமை கழித்து தாங்கியின் அளவுகளைப் பார்த்தேன். விநியோக நாளில் காலை ஆறு மணிக்கு நிரம்பி வழிந்த தாங்கி, பத்தரைக்குக் காலி. முன்பு, பாதி நிறைந்த தாங்கியே பின்னேரம்வரை தாக்குப்பிடித்தது. எண்ணைப் பார்த்ததும் நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது வேறு. சனத்தின் உண்மையான தேவை இவ்வளவு, இத்தனை காலம் நாங்கள்தான் குறைத்துக் கொடுத்திருக்கிறோம் என்று முடிவு கட்டினேன். வத்தேகமக் கடைகளில் தண்ணீர் பிடிக்கிற நீல நிறப் பிளாஸ்டிக் பெரல்கள் அடுக்கிவைத்து விற்பதைக் கண்டிருந்தேன். அதையும் என் முடிவுக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன். புதிய நீர்மூலம் அவசரமாகத் தேவை என்று அறிக்கை எழுதத் தொடங்கினேன்.

மூலமும் கையருகில் இருந்தது. எங்கள் தாங்கிக்குக் கீழே, அடுத்த சரிவில், ஒரு தேயிலைத் தோட்டம். அதற்குள் வற்றாத ஊற்றோடை ஒன்று. பம்பு வைத்தால் தாங்கிக்கு ஏற்றிவிடலாம். ஜீப்பில் போய்ப் பார்த்தேன். ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருந்தார்கள். தோட்டத்தில் அதைப் பீலி என்பார்கள். லயங்கள் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனம் குடிக்க எடுப்பதும், உடுப்புத் துவைப்பதும், குளிப்பதும் அங்கேதான். நான் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. ஒரு நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் நின்றேன். ஓடையின் அளவை எடுத்தேன். 'தற்போதைய பாவனை மிகக் குறைவு' என்று எழுதினேன். அந்த நான்கு சொல்லில் நான்கும் பொய் என்று அன்று எனக்குத் தெரியாது.

அறிக்கை மேலே போனது. மேலதிகாரி பாராட்டினார். அரசியல்வாதி ஒருவர் அடிக்கல் நாட்ட நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றும் சொன்னார்கள். நில அளவையாளர்கள் ஓடைக்கரையில் சிவப்பு மை பூசிய முளைகளை அடித்துவிட்டு வந்தார்கள்.

முளை அடித்த மூன்றாம் நாள், அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். பெயர் பாக்கியம். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஸ்தான் எங்க பீலிய பாக்க வந்தீங்களா?"

"ஓம், வந்தனான். அங்க ஒருத்தரும் இருக்கேல்லையே."

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"பதினொரு மணி இருக்கும்."

சிரித்தார். கோபம் வந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"பதினொரு மணிக்கு நாங்க மலையில கொழுந்து எடுக்கிறோம் மிஸ். புள்ளைங்க பள்ளிக்கூடத்துல. நான் பதினொரு மணிக்கு ஒங்க வூட்டுக்கு வந்து பாத்துட்டு, இங்க ஆளே குடியில்லன்னு எழுதுனா நீங்க ஒத்துக்குவீங்களா?"

குண்டசாலையில் என் வீடும் அந்த நேரத்தில் பூட்டித்தான் இருக்கும்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாங்க. இல்லாட்டி அந்திக்கு வாங்க. பாத்துட்டு என்ன வேணுனாலும் எழுதுங்க. இன்னக்கி எனக்குப் பேரு போயிருச்சு, இன்னொரு தடவ என்னால வர ஏலாது."

பேர் போவது என்றால் அன்றைய நாள் சம்பளம் இல்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்குப் போனேன். மூன்று லயம், அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள், ஒரே பீலி. வரிசை படிக்கட்டுவரை நின்றது. முதலில் குடிதண்ணீர் எடுப்பவர்கள். அவர்கள் எடுத்து முடிந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகம் கழுவினார்கள். வயதானவர்கள் ஒதுங்கி நின்று குளித்தார்கள். உடுப்பு துவைக்கிற கல் எல்லோருக்கும் கீழே. அந்தத் தண்ணீர் வாய்க்காலாக ஓடி போஞ்சிப் பாத்திக்குப் போனது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ஏறின படிகளை எண்ணினேன், எழுபத்தெட்டு. வாளி நிறைந்து வழியும் முன்பே அடுத்த வாளி வந்து விழுந்தது. யாரும் அங்கே சிக்கனம் என்ற சொல்லைப் பாவிக்கவில்லை.

இந்தப் பீலியைத்தான் நான் ஒரு வரியில் துடைத்துவிட்டேன்.

திரும்பும் வழி குடியிருப்புக்கு ஊடாகத்தான். அன்று விநியோக நாள். ஆறு மணிக்கு நானா வால்வைத் திறந்துகொண்டிருந்தார். ஜீப்பை நிறுத்தி அவர் பக்கத்தில் நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். மேல் வீட்டில் ஒரு சத்தம், பக்கத்து வீட்டில் ஒரு சத்தம், பிறகு ஒழுங்கை முழுவதும் தண்ணீர் கொட்டுகிற சத்தம். தெருவோரக் காணில் தண்ணீர் புரண்டு ஓடியது.

"நானா, எங்கையோ குழாய் வெடிச்சிட்டுது!"

"பைப் ஒடயல்ல மிஸ். பழைய தண்ணி."

"என்ன பழைய தண்ணி?"

"முந்தாநாத்து புடிச்ச தண்ணி. தண்ணி வராட்டி என்ன செய்றண்டு எல்லாரும் பெரல், பேசின், பெரிய சட்டி, ஊட்டுல ஈக்கிற எல்லாத்துலயும் நெரப்பி வெக்கிறாங்க. ரெண்டு நாளைக்கி அவ்வளவு தேவப்படுறல்ல. இப்ப புதுத் தண்ணி வருது. பழசக் கொட்டிட்டு புதுசு புடிப்பாங்க."

இன்னும் சொன்னார். கூரைத் தாங்கிகளில் பாதிக்கு, நிறைந்ததும் தானாக மூடுகிற மிதவை வால்வு கிடையாது. முன்பு சனம் தேவைக்கு மட்டும் திறந்தது. இப்போது தண்ணீர் வருகிற நேரத்தைத் தவறவிடக் கூடாதென்று, எல்லாக் குழாயையும் திறந்தபடியே விட்டு வேலைக்குப் போகிறார்கள். நிறைந்தால் வழியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நான் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்ட நீலப் பெரல்களில் நிறைந்து, காணில் கவிழ்வதுதான் என் அறிக்கையிலிருந்த 'உண்மையான தேவை'.

"இதை ஏன் நானா முதலே சொல்லேல்லை?"

"சொன்னேனே மிஸ். நீங்க நிமிரல்ல."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் குத்தியது.

அன்று குளித்து உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்துக்கும் நான் அதே அட்டவணையைத்தான் போட்டிருந்தேன். என் கணவர் குசினிக்குப் பின்னால் பெரிய வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சாரும், புதுத் தண்ணி வருது. பழசை ஊத்திவிட்டன்," என்றார் சந்தோசமாக. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் குசினியே தெரியவில்லை.

இனி கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும்.

என் அறிக்கை, திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும் குழுவின் முன் போக இரண்டு நாள் இருந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிய வந்திருக்காது. குடியிருப்புக்குத் தண்ணீர் வந்திருக்கும். அதிபர் தொலைபேசி எடுப்பதை நிறுத்தியிருப்பார். எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவிருந்த வருடம் அது. பேசாமல் இருப்பதற்கு ஒரு முழு நாள் நியாயம் தேடினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஓடையில் பாதியை லயத்துக்கு விடலாமே என்று யோசித்தேன். கோடையில் அந்தப் பாதி எவ்வளவு என்று எனக்கே தெரியும். அளந்தவள் நான்தானே.

மறுநாள் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். சிங்களவர், நேர்மையான மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். போன மாதம் தேவை என்று கையெழுத்து வைத்தீர்கள், இப்போது தேவையில்லை என்கிறீர்கள், நான் எந்தக் கையெழுத்தை நம்புவது என்று கேட்டார். மூன்று கிழமை தாருங்கள் என்றேன். வால்வைப் பூட்டாமல், குறைந்த அமுக்கத்தில் இரவும் பகலும் திறந்துவைக்கிறேன், அமுக்கம் குறைந்தால் கசிவும் குறையும், தாங்கி வற்றாமல் நின்றால் அறிக்கையைத் திருப்பி எடுக்கிறேன். "வற்றினால்?" என்றார். வற்றினால் அறிக்கை அப்படியே போகட்டும் என்றேன். இதைச் சொன்னபோது பாக்கியத்தின் பீலியைப் பணயம் வைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. வேறு வழி தெரியவில்லை.

இனி பூட்டமாட்டோம், சேமித்துவைக்கத் தேவையில்லை என்று அறிவித்தல் கொடுத்துவிட்டு வால்வைத் திறந்தோம். முதல் நாள் ஒன்பது மணிக்குத் தாங்கி காலி. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எட்டரைக்கே காலி. சனம் எங்களை நம்பவில்லை. அதிகாரிகள் ஏதோ மறந்துபோய்த் திறந்துவிட்டார்கள், ஞாபகம் வருவதற்குள் பிடித்துவைப்போம் என்று இன்னும் வேகமாகப் பிடித்தார்கள். மேலே இருந்த தாய்சேய் நிலையத்துக்கு பவுசர் வண்டியில் தண்ணீர் அனுப்பினேன். நான்காம் நாள் காலை அதிபர் எடுத்தார். இந்த முறை ஒரு வசனம் கூட்டினார். "இன்றைக்கும் இல்லை. விளையாடுகிறீர்களா?" பத்து மணிக்கு மேலதிகாரி எடுத்தார். பின்னேரத்துக்குள் பூட்டிவிடுங்கள் என்றார்.

எனக்குப் பூட்டத்தான் மனம் சொன்னது. வால்வடிக்குப் போனேன். நானா திறப்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் நானா நம்புறாங்கள் இல்லை? அறிவித்தல் குடுத்தனாங்கள்தானே?"

"கடதாசிய யாரு மிஸ் நம்புவாங்க? என்ட கையில இது ஈக்கிற வரைக்கும் பூட்டுவேண்டுதான் நெனப்பாங்க."

'இது' என்று அவர் சொன்னது திறப்பை. நான் அதைப் பார்த்தேன். பிறகு நான் செய்தது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத காரியம். நீங்கள் செய்யுங்கள் என்றும் சொல்லமாட்டேன்.

"நானா, திறப்பை அதிபரிட்டைக் குடுப்பம்."

அவர் முகம் மாறியது. "இருவத்திரெண்டு வருசமா என்ட கையில ஈக்கிற சாமான் மிஸ்."

"மூண்டு கிழமைக்குத்தான்."

பிறகு திறப்பின் நுனியில் இருந்த சேற்றைத் தன் சாரத்திலேயே துடைத்துவிட்டு, "வாங்க," என்றார்.

அதிபர் வாசலில் எங்களைக் கண்டதும் சண்டைக்கு ஆயத்தமானார். திறப்பை அவர் கையில் கொடுத்தேன். இந்த வால்வுக்கு இருக்கிற ஒரே திறப்பு இதுதான், இது உங்களிடம் இருக்கும்வரை எங்களால் பூட்ட முடியாது, நீங்கள் தராமல் நாங்கள் பூட்டமாட்டோம் என்றேன். மனிதர் ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு மேசைக்குப் போய், திறப்பைப் பெற்றுக்கொண்டதற்கு முறையாக ஒரு பற்றுச்சீட்டு எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து எனக்குத் தந்தார். திறப்பைக் கண்ணாடி அலுமாரிக்குள் அவருடைய வெற்றிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார்.

செய்தி பகல் சாப்பாட்டுக்கு முன் ஒழுங்கை முழுவதும் பரவிவிட்டது. சனம் சும்மா போவதுபோல அவர் வீட்டுக்குப் போய் அலுமாரியைப் பார்த்துவிட்டு வந்தது. நான் மேலதிகாரிக்குத் தொலைபேசியில், பூட்ட முடியாது, திறப்பு என்னிடம் இல்லை என்றேன். அவர் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

அடுத்த நாள் தாங்கி பகல் ஒரு மணிவரை நின்றது. அதற்கு அடுத்த நாள் ஐந்து மணிவரை. நானாவும் நானும் இன்னும் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய் மிதவை வால்வு பொருத்தினோம். ஒரு வீட்டில் பெரல்கள் ஏற்கெனவே முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. அந்த வீட்டு அம்மா, "எப்பவும் வருதுதானே, இனி என்னத்துக்கு?" என்றார். ஒன்பதாம் நாள் விடிய நான் தாங்கியின் ஏணியில் ஏறிப் பார்த்தேன். அளவுகோலில் மூன்று அடி தண்ணீர் மிச்சம் நின்றது. ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று கிழமை முடியும்வரை மழை வரவில்லை, தாங்கியும் வற்றவில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. தண்ணீர் காணாதென்றால் அடுத்த ஓடையைத் தேடுவது. அந்த ஓடையும் போதாமல் போனால் அதற்கு அடுத்தது. கண்டியைச் சுற்றிய மலைகளில் இப்படி நாங்கள் தேடிப் போய் முடித்த ஓடைகள் கொஞ்சமல்ல. சனத்தொகை கூடிவிட்டது, மழை குறைந்துவிட்டது, ஆட்களுக்குப் பொறுப்பில்லை என்று காரணங்கள் சொல்வோம். அவற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அன்று அந்தக் காணில் ஓடிய தண்ணீருக்குக் காரணம் பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது என் அறிவித்தல். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இருப்பவனிடம் போய்க் குறைத்துப் பாவி என்று சொன்னால் அவன் எப்படிக் குறைப்பான்? கிடைக்கும் என்று நம்பினால், ஒருவரும் சொல்லாமலே குறைத்துக்கொள்வான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

அறிக்கையைத் திருப்பி எடுக்கும் கடிதத்தை நானே எழுதினேன். முன்னைய அறிக்கையில் இரண்டு பிழைகள் உள்ளன, இரண்டும் என்னுடையவை என்று தொடங்கினேன். அந்த வருடப் பதவி உயர்வு எனக்கு வரவில்லை. கவலைப்பட்டேன். இரண்டு மாதம் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழை தொடங்கிய பிறகு அதிபர் திறப்பைத் திருப்பித் தந்தார், எண்ணெய் பூசித் துடைத்து, பற்றுச்சீட்டையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு. நானா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

முளைகளைப் பிடுங்குவதற்கு ஆட்களோடு தோட்டத்துக்குப் போனேன். அந்தி நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பீலியில் பாக்கியம் இருந்தார். உங்கள் ஓடையை நாங்கள் எடுக்கவில்லை என்று சொன்னேன். குடியிருப்பில் சனம் பாவனையைக் குறைத்துக்கொண்டதையும், தாங்கியில் இப்போது தண்ணீர் மிஞ்சுவதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

பாக்கியம் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தார்.

"சந்தோசம் மிஸ். நல்லது செஞ்சீங்க. அந்தத் தாங்கி எங்க லயத்துக்கு மேலதான இருக்கு?"

"ஓம், மேலதான்."

"தண்ணியும் மிச்சமா இருக்கு."

"ஓம்."

"அப்ப ஒரு பைப்ப எங்க பக்கம் எறக்கி வுடலாந்தான? எங்கம்மா காலத்துலருந்து சொமக்கிறோம்."

லயத்திலிருந்து எங்கள் தாங்கிக்கு ஒரு குழாயை நான் வரைபடத்தில் வரைந்திருந்தேன், பம்பு வைத்து, மலையேற்றி, இலட்சக்கணக்கில் செலவு போட்டு. தாங்கியிலிருந்து லயத்துக்கு, தானாக இறங்கி ஓடக்கூடிய ஒரு குழாய் என் மூளையில் ஒருநாளும் வரவில்லை. தண்ணீர் எடுக்கிற இடமாக மட்டும்தான் அந்தச் சரிவு என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கிழமையே கோப்பைத் திறந்தேன். தோட்டக் காணி கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது, அவர்கள் அனுமதி வேண்டும். லயத்து ஆட்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை, முகவரி இல்லாமல் இணைப்புக் கொடுக்கச் சட்டம் இல்லை. ஒவ்வொன்றாக எழுதினேன், அலைந்தேன், பதில் வாங்கினேன். மேலதிகாரிகள் மூன்று பேர் மாறினார்கள். நானா ஓய்வுபெற்றார். பிறகு நானும் ஓய்வுபெற்றேன். கோப்பு பச்சை அட்டை போட்டது, உங்கள் திட்டப் பிரிவு அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. கம்பனியின் அனுமதிக் கடிதம் கடைசியில் வந்துவிட்டது, உள்ளேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கையெழுத்து ஒன்றுதான் குறை.

போன கிழமை பாக்கியம் தொலைபேசி எடுத்திருந்தார். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எடுத்து சுகம் விசாரிப்பார், இந்த முறை ஒரு விசேசமும் இல்லாமல் எடுத்தார். முழங்கால் தேய்ந்துவிட்டதாம், படியேற முடியவில்லையாம். முன்பு நாளுக்கு ஆறு குடம் எடுத்தவர், இப்போது இரண்டு குடத்தோடு சமாளிக்கிறாராம். அந்த வீட்டின் தண்ணீர்ப் பாவனை மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. உங்களில் யாராவது அதைச் சேமிப்பு என்று எழுதுவதற்கு முன், அந்தக் கோப்பை எடுத்துக் கையெழுத்து வையுங்கள்.